ஞானையாவுக்கு மட்டும் எதற்கு இரண்டு மார்க் கூட

ஆவுடை ஆப்செட்டின் ஷட்டரைத் தூக்கி, கோமதி அம்மன் படத்துக்குப் பிச்சிப்பூச் சாத்தி, ஊதுபத்தியைக் கொளுத்திய கையோடு ஆவுடையப்பன் போனை எடுத்துப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த ஊதுபத்தியின் சாம்பல் கால் பெருவிரலில் விழுந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அச்சகக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு பட்டியல் வந்திருந்தது. சங்கரன்கோவிலில் உள்ள ஏழு சின்ன பிரஸ்களுக்கும் மாவட்டக் கூட்டமைப்பு போன மாதம் ஐம்பது கேள்விகள் அனுப்பியிருந்தது. வாடிக்கையாளர் தரும் விவரங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றனவா, பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும், வைரஸ் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற வகைக் கேள்விகள். ஒன்றுக்கு இரண்டு மார்க். இப்போது ஏழு பேரையும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டார்கள்.

முதலிடம், ஞானையாவின் ஒளி அச்சகம், நாற்பத்து நான்கு. இரண்டாமிடம், ஆவுடை ஆப்செட், நாற்பத்து இரண்டு.

பட்டியலின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அறுபதுக்குக் கீழே வாங்கிய அச்சகங்கள் அபாய நிலையில் இருப்பதாகக் கருதப்படும் என்றது அது. ஏழு பேருமே அறுபதுக்குக் கீழே. அந்த வரியை ஏழு பேரில் ஒருவரும் படிக்கவில்லை. அபாயத்தில் முதலாவதாக வந்தவருக்கு ஐந்து பேர் மாலைப் படம் அனுப்பி வாழ்த்தியிருந்தார்கள்.

“ஏ வேலு, இதப் பாத்தியா. அந்தாளுக்கு எதுக்கு ரெண்டு மார்க் கூட?”

வேல்விழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ராயகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து, மதியம் வரை ஆவுடை ஆப்செட்டில் டிசைன் செய்வாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, எதிர்ச் சாரியில் இருக்கும் ஞானையா கடைக்குப் போய்ச் சாயங்காலம் வரை அங்கே அதே வேலை. மற்ற ஐந்து கடைக்காரர்களும் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

“ரெண்டு பேருமே பெயிலு அண்ணாச்சி. இதுல என்ன கூடக் கொறைய?”

“பெயில்லயும் ஒரு ஃபர்ஸ்ட்டு இருக்குல்லா.”

ஆவுடையப்பனின் வயிற்றெரிச்சலுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். ஞானையா கடைக்கு ஏசி போட்டபோது இவருக்கு வியர்த்தது. ஞானையா கலர் மிஷின் இறக்கியபோது இவருக்குக் கண் இருட்டியது. எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல், பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் அரையாண்டுக் கேள்வித்தாள். தலைமையாசிரியை ஞானபாக்கியம் டீச்சர் வருடந்தோறும் குடையும் கைப்பையுமாக ஒளி அச்சகத்தின் படியேறுவதை இவர் தன் கடை வாசலில் நின்று பார்ப்பார். அதில் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது. ஆனால் கேள்வித்தாள் அடிக்கிறவர்தான் பஜாரில் பிரஸ்காரர். மற்றவர்களெல்லாம் நோட்டீஸ் அடிக்கிறவர்கள். அந்த ஒரு ஆர்டர் தன் கைக்கு வந்துவிட்டால் போதும் என்று அவர் அம்மனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பதில்களில் திருத்தம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் அனுப்பலாம் என்று கூட்டமைப்பில் சொன்னார்கள். அன்றைக்கே வேல்விழியை உட்காரவைத்துக் கேள்விகளை வாசிக்கச் சொன்னார்.

“மூணு மாசத்துக்கு ஒருக்க பாஸ்வேர்ட மாத்துதீங்களா?”

“மாத்துதோம்னு போடு.”

“எப்ப அண்ணாச்சி மாத்துனோம்?”

“கேள்வி அவன்தான் கேக்கணும். நீ கேக்கக்கூடாது.”

“கடைய விட்டுப் போனவங்க மறுபடி உள்ள நுழைய முடியாதபடி செஞ்சிருக்கீங்களா?”

“நம்ம கடைய விட்டு யாரு போயிருக்கா?”

“நானே தெனம் மத்தியானம் போறேம்லா.”

“ஆமான்னு போடு பிள்ள.”

நூறு வந்தால் கண் படும் என்று, ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறீர்களா என்ற கேள்விக்கு மட்டும் ‘இல்லை’ போடச் சொன்னார். ஐம்பது பதில்களில் அது ஒன்றுதான் மனமறிந்த உண்மை.

தொண்ணூற்றெட்டு வந்தது. சான்றிதழும் வந்தது. வந்தது ஏ4 அளவில். ஃப்ளெக்ஸ் மிஷின் வைத்திருக்கிறவருக்கு ஏ4 எம்மாத்திரம்? பன்னிரண்டடிக்கு அடித்து, ‘தகவல் பாதுகாப்பில் சங்கரன்கோவிலின் முதல்வன்’ என்று தன் படத்தைச் சால்வையோடு போட்டு, ஞானையா கல்லாவில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற கோணத்தில் கட்டினார். போர்டு பக்கத்து டீக்கடையின் பாதியை மறைத்தது. கூடவே கம்ப்யூட்டர் அறைக்குக் கைரேகைப் பூட்டு ஒன்றும் வாங்கி மாட்டினார். மையேறிப்போன அவர் கட்டைவிரலை அந்தப் பூட்டு ஒருநாளும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆகவே ஒரு ரீம் பேப்பரை முட்டுக்கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

மூன்றாம் நாள் ஞானபாக்கியம் டீச்சர், ஞானையா கடையைத் திரும்பிப் பார்த்தபடியே சாலையைக் கடந்து, இந்தப் படியில் ஏறினார்.

“போன வருசம் வேற ஊர்ல ஒரு ஸ்கூல்ல கணக்குப் பேப்பர் மொத நாளே பிள்ளைங்க போன்ல சுத்துச்சு. அதனால மார்க்கு யாருக்குக் கூடவோ அங்க குடுங்கன்னு எங்க நிர்வாகத்துல சொல்லிட்டாங்க. பதினாலு வருசமா ஞானையாகிட்ட குடுத்தது. என்ன செய்ய? உங்ககிட்ட பத்திரமா இருக்கும்ல?”

“டீச்சர், எறும்பு நுழையாது.”

ரீம் பேப்பர் முட்டுக்கொடுத்த கதவு வழியாக டீக்கடைப் பூனை உள்ளே வந்து, பிரிண்டரின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. மறுநாளே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தாள் ஆவுடை ஆப்செட்டின் மெயிலுக்கு வந்து சேர்ந்தது.

ஆவுடையப்பனுக்கு அன்றைக்கு இரண்டு தோசை கூட இறங்கியது. ஆனால் பொறாமைக்குச் சாப்பாடு போட்டால் அது தூங்குவதில்லை, எழுந்து உட்கார்ந்து இன்னும் கேட்கிறது. ஞானையா கடையில் கூட்டம் குறைந்தபாடில்லை. போதாக்குறைக்கு ஞானையா வந்து, “போர்டு நல்லாருக்கு வே. படத்துல அஞ்சு வயசு கொறஞ்சு தெரியுதீரு” என்று சிரித்துவிட்டுப் போனார். கேள்வித்தாளும் போன பிறகு இந்த ஆளுக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது? அப்படி என்னதான் வேலை வருகிறது அவருக்கு?

அந்த மதியம் வேல்விழி எதிர்க்கடைக்குப் போயிருந்தாள். ஆவுடையப்பன் கம்ப்யூட்டர் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஞானையாவின் மெயில் முகவரி எதிரே அவர் கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்டது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாஸ்வேர்டு, தன் கடையுடையது. கோமதி, அதன்பின் ஒன்று இரண்டு மூன்று. விளையாட்டாகப் போட்டுப் பார்த்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஞானையாவின் மெயில் திறந்துகொண்டது.

ஆவுடையப்பன் எழுந்து போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, திருவேங்கடத்தில் உரக்கடை திறப்பு, இளையரசனேந்தலில் கோயில் கொடை நோட்டீஸ். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க, இது நமக்கு வந்திருக்க வேண்டியதல்லவா என்று நெஞ்சு காந்தியது. ஆனாலும் விரல் நிற்கவில்லை.

ஒரு மெயிலில், கல்யாணத் தரகர் அனுப்பிய பெண் விவரக் குறிப்பு, முப்பது பிரதி வேண்டும் என்று இருந்தது. அதையும் திறந்தார்.

ஊதா நிறப் பட்டுச் சேலையில் அவருடைய ஒரே மகள் அபிதா சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் அவருக்கு வந்தது கோபம். தரகன்கூட அங்கேதான் அடிக்கிறான், அதுவும் என் மகளுடைய குறிப்பை. அந்தக் கோபத்தோடு கீழே வாசித்துக்கொண்டே போனார். நட்சத்திரம், சம்பளம், போன் நம்பர், சென்னையில் தங்கியிருக்கும் விடுதியின் முகவரி, அறை எண். கூடவே ஆதார் அட்டையின் இரண்டு பக்கமும். வாசிக்க வாசிக்கக் கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னால் இதைத் திறக்க முடிகிறது என்றால் வேறு யாரால் முடியாது?

வேல்விழிக்குப் போன் போட்டார்.

“ஏ வேலு, ஞானையா கடைப் பாஸ்வேர்டும் நம்ம பாஸ்வேர்டும் ஒண்ணா?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஏழு கடைக்கும் நான்தான மெயில் போட்டுக் குடுத்தேன். ஏழு கடைக்கும் அதேதான். ஏழையும் யாரு ஞாபகம் வைக்க? மாத்திக்கிடுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஒருத்தரும் மாத்தல. நீங்கதான் ‘அம்மன் பேரு இருக்கு, மாத்தக்கூடாது’ன்னு சொன்னீங்க.”

“அப்ப நம்ம மெயில?”

“யாரு வேணும்னாலும் தெறக்கலாம்.”

கணக்குக் கேள்வித்தாள் அதற்குள்தான் இருந்தது. ஏழு கடைகளில் வேலை பார்க்கிறவர்கள், பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. ஆவுடையப்பன் தட்டுத் தடுமாறித் தன் கடைப் பாஸ்வேர்டை மாற்றினார். மாற்றி முடித்ததும் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. இப்போது நிஜமாகவே ஞானையாவைவிட அவர் மேலே. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆர்டரும் கையில் இருக்கும், எதிர்க்கடையின் கதவும் தினமும் பார்க்கத் திறந்தே கிடக்கும்.

அந்தச் சந்தோஷம் சரியாக ஒரு நிமிடம் இருந்தது. திரையில் அபிதா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் கடைக்கு எத்தனை பூட்டுப் போட்டாலும் அவர் மகள் இருப்பது ஞானையா கடையில்.

அவர் சாலையைக் கடந்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படியில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

“வாரும் வே, என்ன அதிசயம்” என்றார் ஞானையா. ஆவுடையப்பன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மெயிலைத் திறந்தது, வாசித்தது, தொண்ணூற்றெட்டு மார்க் எப்படி வந்தது, ஒன்றையும் விடவில்லை. மூலையில் வேல்விழி தட்டச்சை நிறுத்திவிட்டாள்.

ஞானையா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

“நானா இருந்தா இதச் சொல்லியிருக்க மாட்டேன் வே. ஒம்ம போர்டப் பாத்துட்டு நாலு நாளா எனக்குச் சோறு எறங்கல. சிரிச்சதெல்லாம் ஒப்புக்கு. ஒம்ம மெயிலு தெறக்கும்னு தெரிஞ்சிருந்தா நானும் தெறந்துதான் பாத்திருப்பேன். என் நாப்பத்து நாலும் லெச்சணமில்ல. பாதி பொய்யி.”

“நம்ம ரெண்டு பேரும் சேந்துதான் என் மகள ரோட்டுல நிப்பாட்டியிருக்கோம்” என்றார் ஆவுடையப்பன்.

ஞானையா எழுந்து, வேல்விழியை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். அபிதாவின் குறிப்பைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மெயிலிலிருந்து அழித்தார். ஆவுடையப்பன் அங்கிருந்தே ஞானபாக்கியம் டீச்சருக்குப் போன் செய்தார். அம்மனிடம் வேண்டி வாங்கிய ஆர்டரைத் தன் வாயாலேயே திருப்பிக் கொடுப்பது அவருக்குப் பல் பிடுங்குவதுபோல் இருந்தது.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார். “கணக்குப் பேப்பர வேற எடுக்கச் சொல்லுதேன். இந்த வருசம் ஸ்கூல் மிஷின்லயே அடிச்சுக்கிடுவோம். ஒங்க ரெண்டு பேருக்கும் கெடையாது. என் மேலயும் தப்பிருக்கு. யாருக்கு மார்க் கூடன்னு பாத்தேன், எம் பிள்ளைங்க பேப்பர் எங்க எப்படி இருக்கும்னு உள்ள வந்து பாக்கல.”

அன்று சாயங்காலமே ஆவுடையப்பன் ஐம்பது கேள்விக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். மறுவாரம் திருத்திய பட்டியல் குழுவில் வந்தது. ஆவுடை ஆப்செட், பதினான்கு மார்க், ஏழாம் இடம். கழுகுமலை ரோட்டில் பிரஸ் வைத்திருக்கும் ராஜேஷ்குமார், நாற்பது மார்க்கோடு இப்போது ஓரிடம் முன்னேறியவர், உடனே சிரிப்புப் பொம்மைகளை வரிசையாக அனுப்பி, ‘என்ன அண்ணாச்சி, தொண்ணூத்தெட்டுல இருந்து வழுக்கிட்டீங்களே’ என்று கேட்டிருந்தார்.

ஆவுடையப்பன் ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டிப் பதில் அனுப்பினார்.

‘தம்பி, போன வாரம் வரைக்கும் நம்ம ஏழு கடைக்கும் ஒரே பாஸ்வேர்டு. இதுல யாரு மொதல், யாரு கடைசி? ஒருத்தர் நம்பிக் குடுத்த வெவரம் அவங்க பொருளு, நம்ம பெருமைக்கு அளக்குற கோல் இல்ல. அடுத்த கடை தெறந்து கெடந்தா நம்ம வீட்டுப் பிள்ளையும் அங்கனதான் நிக்கும். அதனால அடுத்தவன முந்தணும்னு நெனைக்காம, அவனுக்கும் சொல்லிக் குடுத்து ரெண்டு பேருமாப் பூட்டணும். ஒம்ம கடை இன்னும் பழைய பாஸ்வேர்டுலதான் இருக்குன்னு வேலு சொன்னா. மொதல்ல அத மாத்தும். பொறவு சிரியும்.’