ஜோக் சொல்லாமல் நடக்கவும்

"மெஷினை நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போறாங்களாம்ணே."

போனில் நெட்டையின் மனைவி அழவில்லை. அழுது முடித்த குரல் அது. டார்ச்சுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவன் அப்போது ஒரு துணிக்கடை லிஃப்டின் அடிப்பள்ளத்தில் குந்தி, பழைய கிரீஸை வழித்துக்கொண்டிருந்தான். நெட்டையும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த லிஃப்ட் மெக்கானிக்குகள். நெட்டை மேலே ஏறுவான், இவன் கீழே நின்று டார்ச் அடிப்பான். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இப்போது நெட்டையால் ஏற முடியாது. நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகும் வியாதி. வீட்டில் கட்டிலோரம் ஓர் ஆக்சிஜன் மெஷின். அதற்கான வாடகை அரசாங்க உதவித்தொகையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த உதவித்தொகை திடீரென்று நின்றுவிட்டது. 'வேலை செய்யும் தகுதி உள்ளவர்' என்று ஒரே ஒரு வரி. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்டால் போனில் பாட்டு மட்டும் பாடியது.

"அவன் என்ன பண்றான்?"

"சட்டைக்கு இஸ்திரி போடறார். ஆபீசுக்குக் கசங்கின சட்டையோட போனா மரியாதை இல்லையாம்."

"இருக்கிற மூச்சை இஸ்திரிக்குச் செலவு பண்றானா? பெட்டியைப் புடுங்கி வைம்மா. வர்றேன்."

உதவித்தொகை அலுவலகம் தரைத்தளத்தில் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் யாரோ யோசித்திருந்தார்கள். மற்றபடி இரும்புக் கம்பியில் கோத்த நாற்காலிகள், அசைய மறுக்கும் டோக்கன் போர்டு, எல்லோர் முகத்திலும் ஒரே களைப்பு. நெட்டை, சக்கரம் வைத்த சின்ன சிலிண்டரைக் காலருகே நிறுத்தி, மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தான். கடந்து போகிறவர்களுக்கெல்லாம் ஒரு புன்னகை.

"டேய், நோயாளி மாதிரி உட்காரு."

"நோயாளி மாதிரின்னா எப்படிடா?"

"உன்னை மாதிரியேதான். பல்லைக் காட்டாம."

நெட்டை போர்டைப் பார்த்தான். "இதுக்கும் பிரேக் ஒட்டிக்கிச்சுபோல, மாப்ள."

சிரிக்கும் தெம்பு டார்ச்சுக்கு இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. விடிந்தால் மெஷின் போய்விடும். அந்தச் சின்ன சிலிண்டர் அரை நாள்கூடத் தாங்காது.

ஒருவழியாக அவர்கள் எண் வந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது.

"சார், நீங்களா!"

நெட்டை தலையைக் குனிந்துகொண்டான்.

டார்ச் அவன் முகத்தைப் பார்த்தான். "இவங்களை உனக்குத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"அது என்னடா கொஞ்சம்?"

அதிகாரியே சொன்னார். "இவர் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தது நான்தான். இவங்க பில்டிங் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன், ரெண்டு மாடிக்கு நடுவுல. சார்தான் மொட்டைமாடிக்கு ஏறி, கையால லிஃப்ட் மோட்டார் சக்கரத்தைச் சுத்தி என்னை இறக்கினார். இல்லைன்னா அன்னிக்கு உள்ளேயே மயங்கியிருப்பேன்."

நிஜமான நன்றியோடுதான் சொன்னார். அதே நன்றியோடு அடுத்ததையும் சொன்னார். "அதைத்தான் அறிக்கையில எழுதினேன். பார்த்ததை எழுதாம இருக்க முடியுமா?"

டார்ச் மெதுவாகத் திரும்பினான். நெட்டை சிலிண்டரின் கைப்பிடியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அலாரம் அடிச்சுதுடா," என்றான் சின்னக் குரலில்.

"அடிச்சா? வேற ஆளே இல்லையா அங்கே?"

"ஆள் இருக்கு. மெக்கானிக் இல்ல."

டார்ச் கவுன்ட்டர் துளைக்கு அருகே குனிந்தான். துணிந்து ஒரு குண்டு போட்டான்.

"மேடம், மேலே ஏறினது நான். சக்கரம் சுத்தினதும் நான். இவன் சும்மா கதவு திறந்தான், அவ்வளவுதான்."

"பொய் மேடம்," என்றான் நெட்டை. "அது வேற கம்பெனி லிஃப்ட். இவன் கை வச்சான்னு தெரிஞ்சா இவன் வேலை போயிடும்."

"நீ வாயை மூடு."

"நீ மூடுடா. மூணு பொண்ணு வச்சிருக்கே."

"ரெண்டு பேரும் மூடுங்க," என்றார் அதிகாரி. குரலிலிருந்த மலர்ச்சி போய்விட்டது. "அத்தனை படி ஏறியிருக்கார். அப்புறம் என்னைக் கீழ் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்தார். சிரிச்சுக்கிட்டே வந்தார். முடியாதவர்னு நான் எப்படி எழுதறது?"

கீழ் வாசல் வரைக்கும். டார்ச் கண்ணை மூடித் திறந்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே இருவர் தலையிலும் ஏற்றப்பட்ட பாடம் அது. லிஃப்டில் மாட்டியவருக்குச் சிரித்த முகத்தோடு கதவைத் திற. திரும்ப அதே லிஃப்டில் ஏற்றாதே. கூடவே நடந்து தரையில் விட்டுவிட்டு அப்புறம் உன் வேலையைப் பார். இந்தப் பாவி வேலையை விட்டும் அதை விடவில்லை.

"இறங்கும்போது எங்கேயாவது நின்னீங்களா மேடம்?"

"ஒவ்வொரு மாடியிலயும் நின்னோம். நான் பயந்து போயிருந்தேன். பயம் தெளியட்டும்னு மாடிக்கு ஒரு ஜோக் சொன்னார்."

"நீளமான ஜோக்கா?"

"ரொம்ப நீளம். நடு நடுவுல நிறுத்தி நிறுத்தி... சஸ்பென்ஸ் வைக்கிறார்னு நினைச்சேன்."

"அது சஸ்பென்ஸ் இல்ல மேடம். மூச்சு."

அதிகாரி நெட்டையின் மூக்குக் குழாயைப் பார்த்தார். தலையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல், "நான் அன்னிக்கு வீட்டுக்குள்ளேயே போகலை. நடை பரிசோதனையும் எடுக்கலை. நல்லாத்தானே இருக்கார்னு திரும்பிட்டேன்," என்றார்.

இழுப்பறையைத் திறந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப் ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்து நெட்டையின் விரலில் மாட்டினார்.

"இப்ப எடுத்துடலாம். குழாயைக் கழட்டிட்டு அந்தக் கடைசிக் கதவு வரைக்கும் போய்த் திரும்பணும். நான் பக்கத்துல வருவேன். நம்பர் ரொம்ப இறங்கினா நிறுத்திடுவேன். பேசக் கூடாது. ஜோக் கூடாது. யாரும் பிடிக்கக் கூடாது." கொஞ்சம் தயங்கினார். "நடந்து முடிச்சிட்டார்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதையும் சொல்லிடறேன்."

டார்ச் குழாயைக் கழற்றும் சாக்கில் காதோரம் குனிந்தான். "மாப்ள, வீம்புக்கு நடந்து தொலைச்சிடாத. உட்காரணும்னு தோணினா உட்கார்ந்துடு."

"நடிக்கச் சொல்றியா?"

"நடிச்சது போதும்னு சொல்றேன்."

நெட்டை எழுந்தான். நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தான். முதுகு நிமிர்ந்திருந்தது. கால்கள் அளந்து வைத்தாற்போல் போயின. உட்கார்ந்திருந்தவர்கள் காலை இழுத்து வழிவிட்டார்கள்.

விழுடா, என்று டார்ச் நினைத்தான். எத்தனையோ மொட்டைமாடிகளில், எத்தனையோ ஏணிகளில், விழுந்துடாதே விழுந்துடாதே என்று வேண்டிக்கொண்டே கீழே நின்றவன். இன்றைக்கு நெஞ்சு முழுக்க ஒரே வார்த்தை. அவனுக்குத் தன்மேலேயே குமட்டியது.

தண்ணீர் கேன் இருந்த மூலைக்கு வந்தபோது நெட்டையின் தோள்கள் மேலேறின. வேகம் குறைந்தது. ஒரு பெரியவர் எழுந்து தன் இடத்தைக் காட்டினார். நெட்டை பழக்கதோஷத்தில் வேண்டாமென்று சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் நின்றது. வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. கதவைப் பார்த்தான். இன்னும் ஓர் அடி வைத்தான். பிறகு அந்தப் பெரியவரின் நாற்காலியில் சரிந்தான்.

"போதும், போதும்!" அதிகாரி கிளிப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கொண்டு வாங்க அதை!"

டார்ச் சிலிண்டரை இழுத்துக்கொண்டு ஓடினான்.

அதிகாரி கவுன்ட்டருக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் வெகுநேரம் தட்டினார். "பணம் நிறுத்தினதை நிறுத்தி வச்சிருக்கேன். மெஷின்காரங்களுக்கும் சொல்லிட்டேன், நாளைக்கு வரமாட்டாங்க. மறுவிசாரணைக்கு வேற ஆள் வருவாங்க. முதல்ல எழுதினது தப்புன்னு நானே போட்டிருக்கேன். எனக்கும் ஒரு விசாரணை வரும்."

"தேங்க்ஸ் மேடம்."

"சாருக்குச் சொல்லுங்க," என்றவர், என்ன சொல்லவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

டார்ச் நெட்டையின் மனைவிக்கு போன் போட்டு, "மெஷின் இருக்கும்மா," என்றான். அந்தப் பக்கம் இப்போதுதான் அழுகை வந்தது. போனை வைத்துவிட்டு நெட்டை முன்னால் குந்தினான். உதட்டில் நீலம் குறைந்துகொண்டிருந்தது.

"சூப்பரா பண்ணிட்டே, மாப்ள."

நெட்டை தலையாட்டினான், இல்லை என்று. பேச மூச்சு சேரும்வரை காத்திருந்தான்.

"பண்ணலைடா... போய்த் திரும்பிடலாம்னுதான்... நடந்தேன். பாதிகூட வரலை."

பக்கத்து நாற்காலி காலியானதும் டார்ச்சும் அதில் உட்கார்ந்தான். போர்டில் எண்கள் இப்போது நன்றாக நகர்ந்துகொண்டிருந்தன.