விறகு ஏறிய வழி

அன்று அங்கே இருந்தவர்கள் பெரியவர், அவர் மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி, பிறகு வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரர். தையல்காரரை யாரும் கூப்பிடவில்லை.

வீடு உயரமான தூண்கள்மேல் நிற்பது. வாசற்கதவு ஒரு மரத்தளத்தில் திறக்கும். அதற்கு ஏற ஒரே படிக்கட்டு, பெரியவர் தம் கையாலேயே அடித்தது. கீழே விறகு வந்து இறங்கியிருந்தது. பாதி ஈரம். பட்டையை உரித்தால் வெள்ளைப் பூஞ்சை, அதற்கடியில் நெளியும் மரவட்டை. பெரியவர் முகத்தைச் சுளித்தார். மேலே கப்பி மாட்டி மாப்பிள்ளை தொங்கவிட்டிருந்த பொருள் அதைவிட மோசம். பழைய மீன்வலை. செதில்கூட உதிர்ந்திருக்கவில்லை.

"இதுல அள்ளிப் போட்டா போதும் மாமா. நான் மேல நின்னு இழுத்துக்குவேன்."

"இந்த நாத்தத்துலயா? நாளைக்கு அடுப்புல விறகு எரியுமா, மீன் எரியுமா மாப்ளே?"

"விறகு மட்டும் குளிச்சிட்டா வந்திருக்கு?" என்றார் மேலே மகன் பக்கத்தில் நின்ற சம்பந்தி.

பெரியவர் முதுகை நிமிர்த்தினார். அவர் குடும்பத்தில் விறகு தோளில்தான் ஏறும், அதுவும் ஒரே நடையில். இரண்டாம் நடைக்கு இறங்கி வருவது கையாலாகாதவன் வேலை. அவருடைய அப்பா அப்படித்தான் வைத்திருந்தார். அதைச் சம்பந்தியின் கண்முன்னால் விட்டுக்கொடுப்பதா?

"அப்பா, பாதி பாதியா எடுங்கப்பா," என்றாள் மேலே வாசலில் நின்ற மகள்.

"நீ அடுப்பப் பாரு."

மூன்று பேர் சுமப்பதைத் தோளில் ஏற்றினார். பட்டையின் அழுக்குத் தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. மரவட்டை ஒன்று கழுத்தில் ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார். பாதியில் ஒரு படி முறிந்தது. அவர் சேற்றில் வந்து உட்கார்ந்தார். விறகு உருண்டு விழுந்து மற்றப் படிகளையும் பெயர்த்துக்கொண்டு போனது. அவருக்கு அடி எதுவும் இல்லை.

தூறல் ஆரம்பித்தது. வேலிக்கு மேல் தலை ஒன்று எழுந்தது.

"அண்ணே, நம்ம ஏணி சும்மாதான் கிடக்கு. கொண்டாரட்டுமா?"

"என் வீட்டுக்கு உன் ஏணியில ஏறணுமா? போய்ப் பொத்தானைத் தையுய்யா!"

"அப்பா, ஏணி வேணாம்னா வலைதான் இருக்கு," என்றாள் மகள். "மழையில நிக்காதீங்க."

பெரியவர் சேற்றிலிருந்து எழுந்தார். விறகை வலையில் போட்டார். அது ஏறி, காலியாகி இறங்கியது. கடைசிக் கட்டையும் போன பிறகு வலை அவர் முன்னால் வந்து தொங்கியது, சொட்டிக்கொண்டு. தையல்காரரின் தலை இன்னும் வேலிக்கு மேல்தான் இருந்தது. பெரியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வலைக்குள்ளே உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் செதில் ஒட்டியது.

"மாமா, கொஞ்சம் கனமா இருக்கீங்க."

"ஈர விறகுப்பா," என்றார் சம்பந்தி, கயிற்றின் வாலைப் பிடித்தபடி. "கனமாத்தான் இருக்கும்."

பெரியவரை விறகோடு விறகாகக் கட்டித் தூக்கினார்கள் என்று தையற்கடையில் இன்றும் பேசுகிறார்கள். அது பொய். விறகு முழுவதும் முன்பே மேலே போய்விட்டது. அவர் தனியாகத்தான் போனார், ஒரே நடையில்.