ஊதா மைப்பேனா

சிரட்டை நீக்கிய தேங்காய்கள் பழுப்பு உருண்டைகளாகத் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தன. லுவா ஒன்றை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தாள். இடது கையிலிருந்த குட்டைக் கத்தி அப்படியே நிற்க, காய்தான் சுழன்றது. தோல் நாடாவாகக் கழன்று மடியில் விழுந்தது. பென் த்ரே ஊரின் வாய்க்காலோரத்துக் கொட்டகையில் முப்பது பெண்கள் விடிந்ததிலிருந்து இதே வேலையில் இருந்தார்கள். லுவாவுக்கு எப்போதும் வரிசையின் கடைசி இடம். நடுவில் உட்கார்ந்தால் அவள் முழங்கை பக்கத்துக்காரியை இடிக்கும்.

பள்ளி விட்டு மகள் குயென் வந்தாள். ஒன்றாம் வகுப்பு. கவிழ்த்துப் போட்ட கூடைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் சிவப்பு நாடா.

"என்னடி இது, மாப்பிள்ளை பார்த்தாச்சா?" என்றாள் பக்கத்திலிருந்த சென் அக்கா.

"டீச்சர் கட்டினாங்க. எழுதுற கை இதுதான்னு ஞாபகம் வரணுமாம்." சொல்லும்போதே உதடு பிதுங்கிவிட்டது. "எல்லாரும் பேனாவுக்குப் போயிட்டாங்கம்மா. நானு, பியூ, அப்புறம் கிளாஸ்ல தூங்குவானே காங், அவன். நாங்க மூணு பேருதான் இன்னும் பென்சில். வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னைக்கும் சரியா எழுதலன்னா இந்த வருஷம் பூரா பென்சில்தான்."

பென்சிலில் கை படிந்த பிள்ளைக்குத்தான் மைப்பேனா. அந்த ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும், பல் விழுந்ததைவிடப் பேனா கிடைத்ததைத்தான் முதலில் சொல்லும். குயெனின் பேனா புத்தாண்டுக்கே வாங்கியது. இன்னும் மை காணாமல் பெட்டிக்குள் கிடந்தது.

"இடது கையில எழுதினா என்னவாம்?"

"டீச்சர் பேனாவால எழுதிப் பார்த்தேன். ஈர மை மேல கை போயிடுது. இழுவி, நோட்டெல்லாம் ஊதா. அதிகாரி வந்து பார்த்தா கிளாசுக்கே மார்க் போயிடுமாம்."

லுவா சிரித்தாள். "என்னையும் ஸ்கேலால அடிச்சு வலது கைக்கு மாத்தினாங்க. ரெண்டாவது வரைக்கும் பேனா வரல, அதோட நின்னுட்டேன். மறுநாளே இங்க கத்தி குடுத்தாங்க. எந்தக் கைன்னு ஒருத்தரும் கேக்கல."

"கேட்டிருந்தா முழங்கையால இடிச்சிருப்ப" என்றாள் சென் அக்கா. வரிசையே சிரித்தது.

"எங்கே, எழுதிக் காட்டு" என்றாள் லுவா.

குயென் நாடாவை அவிழ்த்தாள். பேனாவில் மை நிரப்பி, பலகைமேல் நோட்டை விரித்து, இடது கையை இறால் மாதிரி வளைத்துக்கொண்டு எழுதினாள். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது. வந்த எழுத்தைப் பின்னாலேயே கை அழித்துக்கொண்டு போயிற்று.

லுவா கத்தியைக் கீழே வைத்தாள். கொட்டகையில் அவள் கத்தியை வைத்தால் ஒன்று சாப்பாடு, இல்லையென்றால் சரக்கேற்றிய கண்டெய்னர் போயிற்று என்று அர்த்தம். கையைத் துடைத்துவிட்டு, நோட்டின் தலை வலப்பக்கம் சாயும்படி நன்றாகத் திருப்பி வைத்தாள்.

"கையை வளைக்காத. கத்தியா திரும்புது? காய்தானே திரும்புது. கை வரிக்குக் கீழயே இருக்கட்டும். இப்ப எழுது."

குயென் எழுதினாள். கீழே கை, மேலே எழுத்து. வரி முடிந்ததும் கையைத் திருப்பிப் பார்த்தாள். துளி மை இல்லை. "அம்மா!" என்று அவள் போட்ட கூச்சலில் தேங்காய்ப் படகிலிருந்தவன் எட்டிப் பார்த்தான்.

அதற்கப்புறம் மூன்று நாள் கொட்டகையில் ஒரே கூத்து. "என் பேரை எழுதுடி", "என் மாமியார் பேரை எழுது, ஆனா சின்னதா எழுது" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குயென் முப்பது பேரின் பெயரையும் எழுதி முடித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை லுவா மேஸ்திரி தோனிடம் ஒரு மணி நேரம் லீவு கேட்டாள்.

"மதியம் கண்டெய்னர் ஏறணும். நீ எந்திரிச்சா உன் இடத்துக்கு வாசல்ல நாலு பேரு நிக்கிறாங்க."

"அந்த இடத்துல இடது கைக்காரிதான் உட்கார முடியும் மேஸ்திரி, தேடிப் பிடிங்க" என்றாள் சென் அக்கா. பிறகு லுவாவின் காதோடு, "ஓடுடி. உன் கூடையை நாங்க நிரப்புறோம்."

லுவா சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஹான் டீச்சர் நாடாவோடு குயெனிடம் வந்துவிட்டிருந்தாள். நாற்பத்து மூன்று பிள்ளைகள், ஒரே டீச்சர். தொண்டை கட்டியிருந்தது.

"டீச்சர், ஒரே ஒரு தடவை. அவ கையிலயே எழுதட்டும்" என்றாள் லுவா, வாசலிலேயே நின்று. "இழுவுச்சுன்னா நானே நாடாவைக் கட்டிவிட்டுடறேன்."

டீச்சர் லுவாவின் ஈரமான சட்டையைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். நாடாவை மேசைமேல் வைத்தாள்.

குயென் நோட்டைத் திருப்பினாள். "ஐயோ, நோட்டு படுத்துக்கிச்சு!" என்று காங்கூட விழித்துக்கொண்டு சிரித்தான். அவள் நிமிரவில்லை. ஒரு வரி. இன்னொரு வரி. டீச்சர் நோட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமையிலேர்ந்து பெஞ்சுல இடது ஓரத்துல உட்காரு. இல்லன்னா பியூவுக்கு இடி விழும்." அப்புறம் சிரித்தாள். "இனிமே உனக்கும் பேனாதான்."

வகுப்பு கை தட்டியதில் கூரைப் பல்லி ஓடியது. லுவாவுக்குப் பேனா வாங்கியது குழந்தையா தானா என்பதே மறந்துபோய், அவளும் துள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா கையெழுத்துப் போடணும்" என்று டீச்சர் பதிவேட்டை நீட்டினாள்.

லுவா வலது கையில் பேனாவை வாங்கினாள். முதல் எழுத்து பாதியிலேயே நின்றுவிட்டது.

"அந்தக் கை இல்லம்மா!" என்றாள் குயென்.

லுவா பேனாவை மாற்றிக்கொண்டாள். கத்தியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தாள். தெரிந்ததெல்லாம் வலது கைக்குத்தான் தெரிந்திருந்தது. இடது கை ஒவ்வொரு கோட்டையும் தேடித் தேடிப் போட்டது. பிள்ளைகள் சுற்றி நின்று எழுத்துக் கூட்டிப் பாட்டாகப் படித்தார்கள். மூன்றாவது எழுத்து முடிவதற்குள் கை மைமேல் போய்விட்டது. நாற்பத்து மூன்று பேரும் ஓவென்று சிரிக்க, அவளும் சிரித்துக்கொண்டே இடது கையில் ஒட்டிய மையை வலது உள்ளங்கையால் தேய்த்தாள்.

மை போகவில்லை. காய் பிடிக்கிற அந்தக் கையில் கத்தி பட்ட கீறல்கள் ஒவ்வொன்றிலும் ஊதா இறங்கி நின்றது. குயென் கையைப் பிடித்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ண ஆரம்பித்தாள். வகுப்பும் சேர்ந்து எண்ணியது. இருபத்து மூன்றைத் தாண்டியபோது லுவா கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"போதும் குட்டி. அங்க காய் கிடக்குது."