பெரியவர் விரல்

பெட்டிகள் பன்னிரண்டும் வந்து இறங்கியபோது ஸ்டோர் அக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு ஆக்சிஜன் மானிட்டர் வேண்டுமென்று அவள் டெண்டர் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அந்தக் கோப்பு ஏறாத மாடியில்லை, தூங்காத மேஜையில்லை. அந்த மருத்துவமனையில் அவளைவிட மூத்த டாக்டர்களுக்குக்கூட அவள் ஸ்டோர் அக்காதான்.

பெருமை அரை மணி நேரம் தாங்கவில்லை. அந்த வார்டின் தலைமை நர்ஸ் மானிட்டரோடு வந்த ஒரு கிளிப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"அக்கா, இது பெரியவங்க விரல்ல மாட்டுறது. எங்க பிள்ளைங்க காலே இதுல நிக்காது. பாதத்துல சுத்துற பட்டை வேணும்."

பக்கத்தில் நின்ற கம்பெனிக்காரர் சண்டைக்கு வரவில்லை. ஆர்டரின் பத்தாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "நீங்க கேட்டதத்தான் குடுத்திருக்கோம் மேடம்."

அவள் வாங்கிப் படித்தாள். முன்பு பெரியவர்கள் வார்டுக்கு வாங்கியபோது எழுதிய பக்கம் அது. புதிதாக எழுதினால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கிய பக்கத்தை எடுத்து, வார்டின் பெயரை மட்டும் மாற்றுவது அந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற வேலை. வார்டு மாறியது, விரல் மாறவில்லை.

கேட்டது வந்துவிட்டதால் திருப்பி அனுப்ப வழியில்லை. பட்டைக்குத் தனி டெண்டர் என்றால் குறைந்தது எட்டு மாதம். அவசரக் கொள்முதல் என்றால் பத்தே நாள். ஆனால் அந்தப் படிவத்தில் 'இந்நிலைக்குப் பொறுப்பானவர்' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட்டால் படிவம் நகராது. பெயரை எழுதினால் எழுதினவர் பாடு திண்டாட்டம். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அதை நிரப்பி அவள் பார்த்ததில்லை. அவள் பெயரோ பதினோரு வருடம் காத்திருந்து, இப்போதுதான் பதவி உயர்வுப் பட்டியலில் முதலாவதாக வந்திருந்தது.

"பேசாம டெண்டரே போடு. அந்த ஆபீஸ்ல நீ ஒருத்திதான் தப்பு பண்ணினியா?" என்றார் வீட்டுக்காரர். நியாயமாகத்தான் பட்டது.

மூன்று நாள் கழித்து வார்டுக்குப் போனாள். கிளிப்புகளைப் பிளாஸ்திரி போட்டுக் குழந்தைகளின் காலில் கட்டியிருந்தார்கள். காலை அசைத்தால் கிளிப் நழுவியது, நழுவினால் அலாரம். பன்னிரண்டும் மாற்றி மாற்றிக் கத்தின. தலைமை நர்ஸ் நடந்துகொண்டே ஒவ்வொன்றாக அமர்த்தினாள், குழந்தையைத் திரும்பிப் பார்க்காமலே.

"எது நெஜமா அடிக்குதுன்னு பாக்க மாட்டியா?"

"மொத நாள் ஓடி ஓடிப் பாத்தேன்க்கா. இப்ப முடியல."

ஸ்டோர் அக்காவுக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்து படிவத்தை எடுத்தாள். கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதினாள். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. அலுப்பாக இருந்தது.

ஒன்பதாம் நாள் பட்டைகள் வந்தன. அதற்கு முந்தின நாளே மெமோ வந்துவிட்டது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து நீக்கம். பழைய கோப்புகள் அறைக்கு மாற்றம். பட்டைப் பார்சலைப் பெற்றுக்கொண்டு ஸ்டோர் சாவியை ஒப்படைக்கவும்.

கம்பெனிக்காரர் ரசீதை நீட்டிக் கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். "எல்லாம் சரியா இருக்கு மேடம்."

அவள் பெட்டியைப் பிரித்து ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தாள். ரசீதும் கையுமாக அவர் பின்னாலேயே வந்தார். தலைமை நர்ஸ் பட்டையை ஒரு சின்னப் பாதத்தில் சுற்றினாள். குழந்தை உதைத்தது. மானிட்டரில் தொண்ணூற்றாறு என்ற எண் அசையாமல் நின்றது. மறுபடி உதைத்தது. சத்தமில்லை.

அதற்குப் பிறகுதான் ரசீதை வாங்கினாள். இருபத்திரண்டு வருடத்தில், வந்த பொருள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு அவள் போட்ட முதல் கையெழுத்து அது. போட்டுவிட்டு, சாவியைக் கொடுக்கப் படியிறங்கினாள்.