கடலும் முதலையும்

"கடல் உள்ள வரும்னு சொல்றேன், நீங்க காபிக்குச் சக்கர போதுமான்றீங்க!"

சாமிக்கண்ணு கத்தியது கடலூரில். கேட்டது சிதம்பரம் தெற்கு வீதிக் கண்ணாடிக் கடையில். மாப்பிள்ளை வீடு பார்க்க அவரோடு போன மனைவி பொன்னி, போனை அணைக்காமல் மடியில் வைத்திருந்தாள். மகள் வெண்மதி யாருடைய மூக்குக்கண்ணாடியையோ துடைத்தபடி, காதில் செருகிய கம்பி வழியாகத் தன் கல்யாணம் உடைவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சுனாமிக்கே எங்க வாசப்படி நனையலண்ணே." இது மாப்பிள்ளையின் அம்மா மலர்க்கொடி. "உங்க ஊருதான் பயம். கொள்ளிடத்து முதல வூட்டு வாசல்ல வந்து படுக்குதாம். தெனம் போன்ல காட்றான்!"

"முப்பது வருசமா இருக்கேன், எங்க தெருவுல ஓணானத் தாண்டி எதையும் பாத்ததில்லம்மா!"

"அதத்தான் கடலுக்கு நானும் சொல்றேன்!"

சம்பந்தம் உறுதியாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. காபி ஆடை கட்டி ஆறியது. சாமிக்கண்ணு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாப்பிள்ளை இளவரசு யார் என்கிறீர்களா? கண்ணில் ஒரு குறையும் இல்லாமல் கடலூரிலிருந்து மூன்று முறை கண் பரிசோதனைக்கு வந்தவன். கடலூரில் கண்ணாடிக் கடையே இல்லையா என்று தெற்கு வீதியே கேட்டது. மூன்றாம் முறை, வெண்மதியே தன் வீட்டு விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அதுவும் எங்கள் தெருவுக்குத் தெரியும்.

பெரியவர்கள் கடலூரிலிருந்து திரும்பிய மாலை, வீட்டில் அவள் அப்பாவின் போனை வாங்கி 'கடலூர்' என்று தேடினாள். கடல் விழுங்கப் போகிறது, தேதி குறித்தாயிற்று என்று ஒரே ஓலம். அம்மாவின் போனில் அதே 'கடலூர்'. அங்கே கருவாட்டுத் தொக்கு.

"பாத்தியாப்பா? நீ எத நின்னு பாக்குறியோ, அது மாதிரியே தேடித் தேடிக் கொண்டாந்து கொட்டும்."

"ஆறு பேரு சொல்றாம்மா. ஆறும் வேற வேற ஆளு."

"ஆறு பேரையும் உனக்குக் கூட்டியாந்தது ஒரே ஆளுப்பா."

"அப்ப கடலே இல்லன்றியா?"

'இந்த இடம் வேணாம்' என்று மூணு நாளில் ஆளனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாமிக்கண்ணு போனுக்குள் திரும்பிவிட்டார்.

பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தவள் கதை மட்டும் என்ன வாழ்ந்தது? இளவரசு அதன்பிறகு இரண்டு நாளாகக் கூப்பிடவில்லை. 'மாப்பிள்ளை போன் எடுக்காவிட்டால்' என்று அவளும் ஒரே ஒரு தடவைதான் தேடினாள். விடிந்து போனைப் பார்த்தால் உலகத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடிப்போனவர்கள். பல் தேய்க்கும்போது ஒருத்தன் ஓடினான், இட்லி தின்னும்போது இன்னொருத்தன். கடைக்கென்று கிளம்பியவளுக்குக் கால் நிலைகொள்ளவில்லை. கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

இளவரசு வாசலிலேயே நின்றிருந்தான், மூணு நாள் தாடியோடு.

"ஏன் கூப்புடல?"

"உனக்குப் புடிக்கலன்னு நெனச்சேன். எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா? போனக் குடு."

கொடுத்தான். 'பெண் மனசு மாறியதற்கு ஏழு அறிகுறிகள்.' அதன் கீழே ஒன்பது அறிகுறிகள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை போனைப் பிடுங்கிக் காட்டுவது? அப்பா இந்நேரம் ஆளனுப்பியிருப்பார்.

இளவரசைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனாள்.

"அத்தே, பசிக்குது. சோறு போடுங்க."

மலர்க்கொடிக்குக் கரண்டி கையில் நின்றது. போட்டால் சம்பந்தம் முடிந்தது. பசி என்று வந்தவளுக்கு இல்லை என்று சொல்ல, போனில் எவனும் சொல்லித் தந்திருக்கவில்லை. தட்டை எடுத்தாள். வெண்மதி கழுவிய கையோடு உட்கார்ந்து, மோர்ச்சோறு வரைக்கும் விடாமல் சாப்பிட்டாள்.

மலர்க்கொடி தானே சிதம்பரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அண்ணே, உங்க பொண்ணு கை நனைச்சிட்டா."

'வேணாம்' என்று ஆளனுப்பக் கிளம்பிய சாமிக்கண்ணு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றினார். பிறகு, "என்னா கொழம்பு?"

"சங்கரா மீனு."

"கடல் மீனா?"

"பின்ன, முதலக்கறியா?"

கல்யாணம் வைகாசியில், குறிஞ்சிப்பாடி மண்டபத்தில். கடலும் எட்டாது, முதலையும் எட்டாது. குடித்தனமும் அங்கேயே. எல்லாம் நன்றாகத்தான் போனது, சாமிக்கண்ணு மகள்மேல் இருந்த பாசத்தில் 'குறிஞ்சிப்பாடி, பாம்பு' என்று ஒருநாள் தேடும்வரை. வந்ததையெல்லாம் மலர்க்கொடிக்கும் அனுப்பினார். அவள் திருப்பி அனுப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே பேச்சாக நின்றார்கள்: அந்த ஊர் வேணாம்.

போன தையில் பிள்ளைகள் வீடு மாற்றிக்கொண்டு பண்ருட்டியை ஒட்டிய திருவதிகைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்களிடம் 'பண்ருட்டிப் பக்கம்' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.