இடஞ்சுழிச் சுருள்

விபத்து அறிக்கை மொத்தம் மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில், "பணியில் இருந்த ஆபரேட்டரின் கவனக்குறைவே காரணம்" என்று எழுதியிருந்தது. உலைக்காரம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். பிறகு தாளைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத் தலைவரின் அறைக்குப் படியேறினாள். லிஃப்டுக்குக் காத்து நிற்கும் பொறுமை அன்று அவளிடம் இல்லை.

உலைக்காரம்மா என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர். அங்கே ஒரு துகள் முடுக்கி இருந்தது. அணுக்களுக்கு வெறித்தனமான வேகம் கொடுத்து மோதவிடும் எந்திரம். ஆனால் அணுவைச் சும்மா பிடித்துத் தள்ள முடியாது. அதன் எலெக்ட்ரான்களை உரித்தெடுத்தால்தான் முடுக்கியின் பிடிக்கு அது அகப்படும். எவ்வளவு உரிக்கிறோமோ அவ்வளவு நன்றாக ஓடும். உரிக்கிற வேலை நடக்கும் இடம்தான் அயனி மூலம்: ஆள் உயரக் காந்தங்களுக்கு நடுவே ஒரு வாளி அளவுக்கு வெற்றிட அறை. வாயு என்றால் குழாயில் விட்டுவிடலாம். உலோகம் என்றால் முதலில் ஆவியாக்க வேண்டும். அதற்கு அந்த அறைக்குள் விரல் நீளத்தில் ஒரு உலை. நடுவில் பீங்கான் குடுவை, அதைச் சுற்றி டங்ஸ்டன் கம்பிச் சுருள், அதற்கு வெளியே வெப்பம் தடுக்கும் உறை. டைட்டானியத்துக்கு ஆயிரத்து எழுநூறு டிகிரிக்கு மேல் வேண்டும். எட்டு வருடமாக அந்த உலையைச் செய்துகொண்டிருந்தவள் அவள்தான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உக்காருங்க."

"உக்கார வரல சார். இத எழுதினது யாரு?"

"குழு எழுதினது."

"குழுன்னா நீங்க. மத்த ரெண்டு பேரும் நீங்க நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டவங்க."

"நீங்க அன்னைக்கு லீவுல இருந்தீங்க. என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது."

"நான் லீவுல இருந்த அன்னைக்குப் பார்த்து நடந்ததுலதான் எனக்கு வயிறு எரியுது. உலைய அறுபது ஆம்பியருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சிவப்பு மையில எழுதி ஒட்டிட்டுப் போனேன். எழுபத்தஞ்சுக்கு ஏத்தச் சொன்னது யாரு?"

"ஏத்தினது ஆபரேட்டர்."

"அவரு ஒரு ஆம்பியர் கூட்டணும்னாலே ரெண்டு பேரக் கேட்டுட்டுத்தான் கூட்டுவாரு. நீங்க ஃபோன் பண்ணிச் சொன்னீங்க."

தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படி எழுத்துல எதுவும் இல்லையேம்மா."

அந்த 'ம்மா' அவளைச் சுட்டது. கையில் இருந்த தாளை அவர் மேஜையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நடந்தது இதுதான். மூன்றாவது உலை புதிதாக வந்திருந்தது. வெளியே சோதனை மேஜையில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் காந்தப் புலத்துக்குள் வைத்தால் கதை வேறு. சுருளில் ஓடும் மின்சாரத்தைக் காந்தம் பிடித்துத் தள்ளும், சூட்டில் இளகிய கம்பி வளையும். அதனால் உள்ளே வைத்து இரண்டு வாரம் மெல்ல மெல்லச் சூடேற்றிப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். தலைவரும் தலையை ஆட்டியிருந்தார். அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று இரண்டு நாள் லீவு எடுத்தாள். அந்த நேரம் பார்த்து, டைட்டானிய அணுக் கற்றைக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்த விருந்தினர் குழு ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கியது. பன்னிரண்டு எலெக்ட்ரான் உரித்த கற்றையை இரண்டாம் நாளே காட்டிவிட வேண்டும் என்று தலைவருக்கு ஆசை.

ஆபரேட்டர் அவளுக்கு மூன்று முறை போன் செய்தார். அவள் போன் மருத்துவமனை லாக்கரில் கிடந்தது. "மேடம், தலைவர் ஏத்தச் சொல்றார், என்ன பண்ணட்டும்" என்ற செய்தியை அவள் பார்த்தபோது எல்லாம் முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. உலைக்குள் தீப்பொறி கிளம்பி, குடுவை உடைந்து, உருகிய டைட்டானியம் அறைச் சுவரில் கொட்டியது. சுவருக்குப் பின்னால் ஓடிய குளிர்நீர் ஊசித் துளை வழியே வெற்றிடத்துக்குள் பாய்ந்தது. பம்புகள் போயின. விருந்தினர் பெட்டியைக் கட்டினார்கள். ஆபரேட்டர் இடைநீக்கம் ஆனார்.

அவருக்கு மீட்டர் என்று பட்டப்பெயர். எந்த எண்ணைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிப்பார். அன்று மாலை அவள் அவர் வீட்டுக்குப் போனபோது மனிதர் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அண்ணே, தலைவர் ஃபோன் பண்ணினத நீங்க ஏன் சொல்லல?"

"சொன்னேன். யாரும் எழுதல."

"நான் விடப் போறதில்ல."

"சும்மா இருங்க மேடம். எனக்கு இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு. நீங்க கத்தினா இருக்கறதும் போயிரும்."

"நான் கத்தல. நாளைக்கு மூலத்தத் திறக்கறேன். அறுபதுல என் சுருள் நிக்கும். எழுபத்தஞ்சுலதான் இறுகிக் குடுவைய உடைக்கும். அது இறுகியிருக்கறதப் பார்த்தாலே தெரிஞ்சிரும். அத எடுத்துட்டுப் போயி அவர் மேஜையில வெக்கறேன்."

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மூலத்தைத் திறந்தாள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது தலைவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கூர்மையாக இருந்தது. சொல்லப்போனால் அந்த ஒரு மணி நேரம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள். உலையை இடுக்கியால் வெளியே இழுத்து, கருகிய உறையை வெட்டிப் பிரித்தாள்.

சுருள் உப்பியிருந்தது.

அவள் கணக்குப்படி அது உள்பக்கம் இறுகியிருக்க வேண்டும். காந்தம் கம்பியை உள்நோக்கி அழுத்தும், உள்ளே பீங்கான் தாங்கிக்கொள்ளும், அதனால் கம்பி எங்கும் போகாது. அவள் வடிவமைப்பின் உயிரே அதுதான். இங்கே கம்பி வெளிப்பக்கமாகப் பிதுங்கி, தாங்க எதுவுமில்லாமல், உறையில் போய் ஒட்டியிருந்தது. அதிக மின்சாரம் ஓடினால் அதிகமாக இறுகும், உப்பாது.

அவள் சுருளை விளக்குக்கு அடியில் திருப்பிப் பார்த்தாள். விரலால் சுற்றுகளைத் தொடர்ந்தாள். பழைய உலைகள் இரண்டும் வலஞ்சுழியாகச் சுற்றியவை. இது இடஞ்சுழி. பட்டறையில் யாரோ லேத்தைத் திருப்பிப் போட்டுச் சுற்றியிருக்கிறார்கள்.

பட்டறைக்காரனைத் திட்டிக்கொண்டே அலமாரியிலிருந்து பரிசோதனைத் தாளை எடுத்தாள். கம்பி கனம் சரி. சுற்று எண்ணிக்கை சரி. சுற்றுத் திசை சரி. மூன்றுக்கும் எதிரே சின்னச் சின்ன டிக். கீழே அவள் கையெழுத்து. அம்மாவின் அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் தேதி. மருத்துவமனையிலிருந்து யாரோ கூப்பிட, தோளில் போனை இடுக்கிக்கொண்டே டிக் அடித்தது அவளுக்கு நினைவு வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். அறுபதில் வைத்திருந்தாலும் இது போயிருக்கும். இரண்டு நாளோ நாலு நாளோ கழித்து. மெல்லச் சூடேற்றியிருந்தால் தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும், நிறுத்தியிருக்கலாம். அது வேறு விஷயம். ஆனால் இடஞ்சுழி இடஞ்சுழிதான். நேற்றிலிருந்து அடுக்கி வைத்த வாக்கியங்களில் பாதி இனி அவளுக்கு உதவாது. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தலைவர் மேல்தான் இன்னும் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

வீட்டில் அவள் பாத்திரங்களைப் போடும் சத்தத்திலேயே கணவருக்கு ஏதோ நடந்திருப்பது புரிந்துவிட்டது. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். முழுவதையும் கேட்டுவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அது எந்தப் பக்கம் சுத்தியிருக்குன்னு உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன? கருகிப் போச்சு, தூக்கிப் போடு. உங்க தலைவன் வசமா மாட்டியிருக்கான். நீயே ஏன் அவன் கையில குச்சியக் குடுக்கற?"

"இன்னைக்கு மத்தியானம் முழுக்க நானும் அதத்தாங்க நினைச்சிட்டு இருந்தேன்," என்றாள் அவள். "நீங்க அதச் சொல்லும்போது கேக்கவே கேவலமா இருக்கு."

அவர் முகம் சுருங்கியது. எழுந்துபோய் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடித்தார். ஒவ்வொரு சட்டையையும் அடித்து அடித்து மடித்தார்.

அறிக்கையை முடிவு செய்யும் கூட்டம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு. நீள மேஜையின் தலைப்பக்கத்தில் தலைவர். ஒரு பக்கம் நிர்வாகத்தார் இருவர். எதிரே, கிளம்புவதற்கு முன் விளக்கம் கேட்க வந்திருந்த விருந்தினர் குழுவின் தலைவி. மீட்டர் கதவோர நாற்காலியில் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சுருளை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து மேஜையின் நடுவே தள்ளினாள்.

"இது தப்பான பக்கம் சுத்தின சுருள். சரின்னு டிக் அடிச்சது நான். அறுபது ஆம்பியர்லயும் இது ஒரு நாள் போயிருக்கும். இத எழுதிக்கோங்க."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தீங்களா. நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்றேன், உலையிலதான் கோளாறுன்னு."

"நீங்க உலைன்னு சொல்லல. ஆபரேட்டர்னு எழுதினீங்க," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "என் தப்பு என்னதுன்னு நான் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் மெதுவா ஏத்தியிருந்தா என் தப்பு ரெண்டாவது நாளே தெரிஞ்சிருக்கும். சுருள் மட்டும்தான் போயிருக்கும். ஒரே மத்தியானத்துல எழுபத்தஞ்சுக்கு ஏத்தினதாலதான் அறையே போச்சு. ஏத்தச் சொன்னது யாருன்னு இந்தக் காகிதத்துல இல்ல. என் பேரு வரட்டும். கூடவே அந்தப் பேரும் வரணும். வர்ற வரைக்கும் நான் இங்கேர்ந்து எழுந்திருக்க மாட்டேன்."

நிர்வாகத்தாரில் ஒருவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

விருந்தினர் தலைவிதான் பேசினாள். "எனக்கு ஆறு நாள் கற்றை போச்சு. இங்க யாரையும் காப்பாத்தணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் எரிச்சலோடு. "ஆனா தலைவர் ஃபோன்ல பேசும்போது நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். 'எழுபத்தஞ்சு வை, நான் பாத்துக்கறேன்'னு சொன்னார். நீங்க விசாரிச்சப்ப என்னையும் கேட்டிருக்கலாம். யாரும் கேக்கல."

தலைவர் அவசரம் என்றார், விருந்தினருக்கு மரியாதை என்றார், பொறுப்பு கூட்டுப் பொறுப்பு என்றார். ஒரு வாரம் கழித்துப் புதிய அறிக்கை வந்தது. அதில் சுருளின் திசை இருந்தது, அவள் பெயர் இருந்தது, "மேலிட வாய்மொழி அறிவுறுத்தல்" என்று இருந்தது. தலைவரின் பெயர் இல்லை. மீட்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அவளை உலைத் திட்டப் பொறுப்பிலிருந்து இறக்கி, சோதனை மேஜை இருக்கும் ஜன்னலில்லாத அறைக்கு மாற்றினார்கள்.

மீட்டர் வேலைக்குத் திரும்பிய நாளில் அவள் அவரைத் தேடிக்கொண்டு கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அவர் திரையை விட்டுத் திரும்பவில்லை.

"அண்ணே."

"என் பொண்டாட்டி மூணு வாரமா அக்கம்பக்கத்துல யாரு முகத்தையும் பாக்கல," என்றார் அவர். "நான் மிஷின உடைச்சேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். கடைசில பாத்தா உங்க கையெழுத்து. நீங்க வந்து சொன்னீங்க, சரி. அதுக்காக நான் நன்றி சொல்லணுமா?"

"வேண்டாம்."

"அப்பச் சரி."

அவள் திரும்பி வந்தாள். அவர் கோபம் நியாயமானது. தன் மேலேயே வந்த வெறியை அவள் வேலையில் காட்டினாள். ஒரே கம்பியை மடித்து, போகிற இழையும் வருகிற இழையும் அருகருகே ஓடும்படி இரட்டைச் சுருளாகச் சுற்றினாள். இடையில், இழைகள் ஒட்டாமலிருக்கப் பீங்கான் நூல். ஓர் இழையைக் காந்தம் வெளியே தள்ளினால் மற்றதை உள்ளே தள்ளும், இரண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம் சுற்றினாலும், யார் டிக் அடித்தாலும், அது நிற்கும். நான்கு உடைந்தன. ஐந்தாவது நின்றது. ஏழு மாதம் கழித்து, பழுது பார்த்த மூலத்தில், மெல்லச் சூடேற்றிய பதினோராம் நாள் காலை, பன்னிரண்டு எலெக்ட்ரான் உரித்த டைட்டானியம் வந்தது. ஆறு நாள் அசையாமல் நின்றது. விருந்தினர் தலைவி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனாள்.

தலைவர் எல்லோரையும் கூட்டிப் படம் எடுத்தார். அவள் போகவில்லை.

மறுநாள் அவரே ஜன்னலில்லாத அறைக்கு வந்தார். உலையின் மின்வழங்கியில் அறுபது ஆம்பியருக்கு மேல் போக விடாத பூட்டு ஒன்றை அவள் பொருத்தியிருந்தாள்; சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

"நல்ல ஏற்பாடு," என்றார் தலைவர். "ஒரு மாத்துச் சாவி என்கிட்ட இருக்கட்டும். அவசரத்துக்கு."

"மாத்துச் சாவி இல்ல சார்."

"செஞ்சுக்கலாம்ல."

"செய்யலாம். என்கிட்ட எழுத்துல கேளுங்க. எதுக்கு, எவ்வளவு ஆம்பியர், என்னைக்குன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவர் கதவை வேண்டிய அளவுக்கு மேலேயே பலமாகச் சாத்திவிட்டுப் போனார். அவள் அடுத்த உலைக்கான கம்பியை அளக்க ஆரம்பித்தாள்.