ஆரினின் பிரஸ்ஸில் இருந்த ஆட்டம்

ரிப்பேர் வேலையில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. அந்தத் திமிர்தான் வெர்னாவின் வீட்டில் என்னைத் தலைகுனிய வைத்தது.

மார்ச்சில் என் நண்பன் ஆரின் செத்துப்போனான். மொன்டானாவில் எங்கள் பக்கத்து வேட்டைக்காரர்கள் பாதிப்பேர் தோட்டாவைத் தாங்களே தயார் செய்துகொள்வார்கள். சுட்ட பித்தளைக் கூட்டை, மேஜையில் பூட்டிய பிரஸ் என்ற கைக்கருவியில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால் கூடு பழைய அளவுக்குத் திரும்பும், பிறகு அதில் வெடிமருந்தும் குண்டும் போடுவார்கள். ஆரினின் பிரஸ் அவன் அப்பா வாங்கியது. ஏப்ரலில் பனி உருகி அவன் வீட்டு நிலவறையில் தண்ணீர் நின்றதில் துருவேறி இறுகிவிட்டது. அவன் மனைவி வெர்னா அதை என் பட்டறைக்குத் தூக்கிவந்தாள்.

"தோட்டா ஒண்ணும் வேணாம் கிளைட். நான் அடுப்புகிட்ட நிக்கும்போது கீழேருந்து இதோட சத்தம் வரும். முப்பத்தெட்டு வருஷம். அதை இன்னொரு தடவை கேக்கணும், அவ்வளவுதான்."

"சத்தம் என்ன, பாடவே வைக்கிறேன் பாரு," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

மூன்று வாரம் ஆயிற்று. எண்ணெயில் ஊறப்போட்டு, துருவைச் சுரண்டி, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கைப்பிடியைக் கோத்திருக்கும் இரும்புப் பின் தேய்ந்து, கைப்பிடி ஒரு நூல் அளவு ஆடியது. அதைப் பார்த்தால் எந்த ரிப்பேர்க்காரனுக்கும் கை அரிக்கும். துளையைக் குடைந்து புஷ் என்ற உலோக வளையம் போட்டேன், லேத்தில் புதுப் பின் கடைந்து மாட்டினேன். பழையது இரும்புக் கழிவோடு போயிற்று. கூட்டை அளவுக்கு அழுத்தும் டை என்ற அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஆரினின் துப்பாக்கியில் கூடு வழுக்கிக்கொண்டு நுழையும்வரை விடவில்லை.

நிலவறையில் அவன் மேஜையிலேயே கொண்டுபோய்ப் பூட்டினேன். வெர்னா மேலே அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"இழு," என்று குரல் கொடுத்தாள்.

இழுத்தேன். வெண்ணெய் மாதிரி இறங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது.

"இழுக்கிறியா இல்லையா?"

"மூணு தடவை இழுத்தாச்சு."

படியிறங்கி வந்தாள். "டொக்குனு ஒண்ணு வரும். கைப்பிடியை விடும்போது இன்னொண்ணு."

"அது தேஞ்ச பின் ஆடின சத்தம் வெர்னா. நான் அதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வேண்டுமென்றே மெலிதாக ஒரு பின் கடைந்து எடுத்துப்போனேன். கடகடவென்றது. இது இல்லை என்றாள். இரண்டாவதும் இல்லை. மூன்றாவதை மாட்டும்போது கேட்டாள்: "எத்தனை குளிர்காலம் அந்த மனுஷன் பக்கத்துலயே உக்காந்து காப்பி குடிச்சிருப்ப. உனக்குத் தெரியாதா அந்தச் சத்தம்?"

யோசித்துப் பார்த்தேன். நான் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது. அவன் கை செய்துகொண்டிருந்த வேலையின் சத்தம் மட்டும் வரவில்லை. "நான்தான் வாயை மூடினதே இல்லையே," என்றேன். வெட்கமாக இருந்தது.

"சரி, கேட்டுக்கோ." விரல் முட்டியால் மேஜையில் தட்டினாள். டொக். கொஞ்சம் விட்டு, டொக்.

நான் தலையாட்டினேன். அவள் தலையாட்டவில்லை. மறுபடி, சற்று வேகமாகத் தட்டினாள். பிறகு உள்ளங்கையால், மெதுவாக. பிறகு இன்னொரு விதமாக. கை அப்படியே மேஜைமேல் நின்றுவிட்டது.

"இல்ல கிளைட்," என்றாள். "எனக்கும் மறந்துபோச்சு."